வெள்ளம் முடிந்ததென அறிவிக்கும் விழா

வெள்ளம் வந்த பிறகு எங்களைக் காப்பாற்ற முதலில் வந்து சேர்ந்தது ஒரு பேனர்.

அதற்கென்று தனிப் படகு. நனைந்துவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கூரை ஒழுகுகிற வகுப்பறைகளுக்குத் தார்ப்பாய் வந்துவிட்டது என்று நினைத்து, நானும் பஸ் கண்டக்டரும் தண்ணீரில் இறங்கி ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தோம். பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துப் பிரித்தால் உள்ளே நகர்மன்றத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், பள்ளியை நடத்தும் கல்வி மன்றத்தின் செயலர் ஃபாதர் கைகூப்பியபடி இருந்தார். இருவருக்கும் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'இடர்க்காலத் தலைமைத்துவப் பெருவிழா'.

"இது நல்ல கனமாத்தான் இருக்கு. 2-ஏ கூரைக்குப் போட்டுக்கலாமா?" என்று கண்டக்டர் கேட்டார்.

பேனரோடு வந்திருந்த விளம்பர அதிகாரி, "மழையில போட்டா தலைவர் முகம் வெளிறிடும்" என்றார். வெயில், மழை, மனிதர்கள் எதுவும் படாத இடமாகப் பார்த்து அதைப் பத்திரப்படுத்தச் சொன்னார். அப்படி ஓர் இடம் அந்தப் பள்ளியில் இருந்திருந்தால் நாங்கள் அங்கேதான் படுத்திருப்போம்.

நான் தண்ணீர்த் தொட்டி விற்கும் கடையில் விற்பனையாளன். தெருவில் என்னைத் தொட்டிக்காரர் என்பார்கள். ஆற்றங்கரை உடைந்த அன்று மத்தியானம் எங்கள் கடைத் தொட்டிகளெல்லாம் கறுப்புக் கறுப்பாக எங்கள் தெரு வழியாகவே மிதந்து போயின. முதலாளி போன் செய்து, "உன் வீட்டுப் பக்கமாத்தான் போகுதாம், ரெண்டையாவது பிடிச்சு வைப்பா" என்றார். அப்போது என் இடுப்பில் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். மனைவியின் தோளில் பிறந்து இன்னும் முகம் பார்க்கக்கூடப் பழகாத மகன். தண்ணீர் ஜன்னலுக்கு ஏறிவிட்டது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றபோதுதான் தெருக்கோடி மேட்டிலிருந்து பள்ளி மணி கேட்டது.

மழைக்காக விடுமுறை விட்டிருந்த பள்ளி அது. விடுமுறை நாளில் எக்காரணம் கொண்டும் கதவைத் திறக்கக் கூடாது என்பது கல்வி மன்றத்தின் விதி. ஆனால் தலைமை சிஸ்டர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். அந்த மணிக்கயிற்றை வேறு யாரையும் தொட விடமாட்டார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மணி சிஸ்டர். நனைந்து கூனிக்குறுகி வாசலில் நின்ற எங்களிடம், "என்ன வேடிக்கை? மணி அடிச்சாச்சுன்னா ஸ்கூல் திறந்தாச்சு. உள்ள வாங்க. வரிசையா!" என்று அதட்டினார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காலுறை வேறு நிறத்தில் இருந்தது என்று என் மகளை ஒருநாள் திருப்பி அனுப்பியவர். நியாயம் கேட்கப் போன என்னையும் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னவர். அப்படிப்பட்டவர் நடத்தும் நிவாரண முகாம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். படியில் வலப்பக்கமாகத்தான் ஏற வேண்டும். ரொட்டிக்கு உயரப்படி நிற்க வேண்டும். பேசினால் கை தூக்கிவிட்டுப் பேச வேண்டும். வீட்டையும் மெத்தையையும் ஸ்கூட்டரையும் பறிகொடுத்துவிட்டு வந்த மனிதர்கள், நகம் வெட்டாததற்காகத் திட்டு வாங்கினார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது 3-பி, என் மகளின் வகுப்பேதான். என் இடம் கடைசி பெஞ்ச், ஓரம். ஆசிரியர் நிற்கும் மேடை மட்டும் ஈரம் படாமல் இருந்தது. சிஸ்டர் தன் அறையிலிருந்து மெத்தையைத் தானே இழுத்து வந்து அதில் போட்டு, என் மனைவியையும் குழந்தையையும் படுக்கச் சொன்னார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "கை தூக்கிட்டுப் பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தினமும் காலையில் வருகைப்பதிவு. பெயர் சொல்ல மாட்டார், இடம் சொல்லிக் கூப்பிடுவார். "ரெண்டாவது பெஞ்ச், ஜன்னல்?" என்றால் அந்த இடத்துக்காரர் எழுந்து "உள்ளேன் சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் "வரலை சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். பேத்தி எடுத்த மனிதர்கள் எழுந்து நின்று "உள்ளேன் சிஸ்டர்" என்று இழுப்பதைப் பார்த்து முதல் நாள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். முதல் பெஞ்சில் ஓர் இடத்துக்குப் பதில் இல்லை. "வரலை சிஸ்டர்" என்றார் பக்கத்தில் இருந்த கண்டக்டர். அது பல் டாக்டரின் இடம். பல் பிடுங்கும் நாற்காலி என்ன ஆயிற்றோ என்று பார்க்கத் தனியாக நீந்திப் போயிருக்கிறார். தேடிப் போனால் தன் ஆஸ்பத்திரி மதில் மேல், கழுத்தளவு தண்ணீரில், போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியிலேயே உரத்த குரலில் "உள்ளேன் சிஸ்டர்" சொல்கிறவர் அவர்தான். நானும் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

இப்படி நாங்கள் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த வேளையில்தான் பேனர் வந்தது. அதன் பின்னாலேயே இரண்டு படகுகளில் குழு வந்தது. எங்களை ஹாலில் உட்கார வைத்தார்கள். செயலர் ஃபாதர் மைக்கைப் பிடித்தார். அவர் பள்ளி வாத்தியாராக இருந்து மன்றத்துக்குப் போனவர், நல்ல கணீர்க் குரல்.

"அன்பார்ந்த பாதிக்கப்பட்டோரே, கத்தோலிக்கப் பள்ளியின் மேன்மை எதில் இருக்கிறது? கட்டடத்திலா? இல்லை. மதிப்பெண்ணிலா? இல்லை. கதவைத் தட்டுகிறவர்களுக்குத் திறக்கிறோமே, அந்தச் சேவையில் இருக்கிறது. இந்தச் சேவையை உலகம் அறிய வேண்டும். அதற்கு ஒரு விழா வேண்டும். விழாவுக்கு ஒரு ஹால் வேண்டும். ஹாலில் நீங்கள் இருக்கிறீர்கள்."

அதோடு நிறுத்தி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் புரிந்தது.

அடுத்து தலைவர். பேனரில் இருப்பதைவிடக் கொஞ்சம் குண்டு.

"நான் உங்ககூட இல்லைன்னு சில பேர் பேசறாங்க. தலைவன்னா மக்களோட தண்ணியில நிக்கணுமாம். நான் கேக்கறேன், எல்லாரும் தண்ணியில நின்னா அந்தத் தண்ணிய மேலேர்ந்து யாரு பாக்கறது? நான் பார்த்தேன். மலை மேல விருந்தினர் மாளிகை பால்கனியில நின்னு மூணு வேளையும் பார்த்தேன். சாப்பிடும்போதுகூடக் கண்ணை எடுக்கலை." இங்கே அவர் குரல் தழுதழுத்தது. "இப்ப சந்தோஷமான சேதி. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு, இதே ஹால்ல, வெள்ளம் முடிஞ்சதா அறிவிக்கப் போறேன்."

கண்டக்டர் கை தூக்கினார். "வாசல்ல இன்னும் தண்ணி நிக்குதே தலைவரே?"

"தண்ணி நிக்கும். தண்ணி எப்ப வேணா நிக்கும். வெள்ளம்ங்கறது நிர்வாகம் ஒத்துக்கிட்டாத்தான் வெள்ளம். நாங்க நாளையிலேர்ந்து ஒத்துக்கலை."

விழாவுக்கு முன்னால் எங்களை என்ன செய்வது என்பதையும் குழு யோசித்து வைத்திருந்தது. வெள்ளம் முடிந்துவிட்டபடியால் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இருக்க முடியாது. எனவே காலை ஒன்பது மணிக்குப் பின்வாசலில் படகு வரும், அதில் ஏறிச் சந்தைக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். சந்தைக் கொட்டகை எங்களுக்குத் தெரியும். நான்கு தூண், மேலே தகரம், சுவர் கிடையாது, கீழே கணுக்கால் தண்ணீர்.

அன்று காலையிலிருந்து என் மகனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என் மனைவி சேதியைக் கேட்டுவிட்டு, குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். "அந்தக் கொட்டகைக் காத்துல இவன் ஒரு நாள் தாங்க மாட்டாங்க" என்றாள். நான் என்ன பதில் சொல்வது? தொட்டி விற்கிறவன் வாயில் என்ன பதில் இருக்கும்?

பதில் விளம்பர அதிகாரியிடம் இருந்தது. அவர் பெஞ்ச் பெஞ்சாக ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் நின்றார்.

"இதுதான் முகம். சோகமும் இருக்கு, கோபமும் இல்லை. சார், நீங்கதான் நாளைக்குப் பயனாளி. மேடையில நன்றி சொல்லணும்."

"எதுக்கு சார்?"

"காப்பாத்துனதுக்கு."

"காப்பாத்துனது சிஸ்டர் சார்."

"சிஸ்டர் மணி அடிச்சாங்க. அது வேற. காப்பாத்துறதுக்கு ஒரு முறை இருக்குல்ல?"

முறை என்னவென்று உடனே தெரிந்தது. தலைவர் மீட்புப் பணியில் ஈடுபட்ட படம் ஒன்றுகூட இல்லை. அதனால் என்னைத் திரும்பவும் மீட்பது என்று முடிவாயிற்று. என்னை வாசல் தண்ணீரில் இறக்கினார்கள். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. படத்தில் ஆபத்து தெரியவில்லை என்று கேமராக்காரர் குறைப்பட்டார். "சார், அப்படியே உக்காந்துக்கோங்க" என்றார் விளம்பர அதிகாரி. உட்கார்ந்தேன். கழுத்து வரை வந்தது. "இப்ப கத்துங்க." கத்தினேன். தலைவர் படகிலிருந்து கை நீட்டி என்னைத் தூக்கினார். வெளிச்சம் போதவில்லை என்று என்னை மறுபடி முழுக வைத்தார்கள். இரண்டாம் முறை தலைவரின் கண்ணாடி அவர் முகத்தை மறைத்தது. மூன்றாம் முறை அவர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுக் குனிந்ததில் படகு சாய்ந்து என் மேலேயே விழுந்தார். நான்தான் காலரைப் பிடித்து அவரைத் தூக்கி நிறுத்தினேன். அந்தப் படம் மிக நன்றாக வந்திருந்தது. அதை அழித்துவிட்டார்கள்.

பிறகு நன்றி சொல்லும் ஒத்திகை. "கண்ணுல தண்ணி வரணும், ஆனா குறை சொல்ற மாதிரி தண்ணியா இருக்கக் கூடாது" என்றார் அதிகாரி. நெஞ்சில் கை வைக்க வேண்டிய இடத்தில் நான் தலையில் கை வைத்துவிட்டேன் என்று ஐந்தாறு முறை திருத்தினார். குழந்தையும் மேடைக்கு வர வேண்டும், ஆனால் இருமக் கூடாது. இருமினால் என்ன செய்வது என்று தீவிரமாக யோசித்துவிட்டு, இருமாத வேறு குழந்தை ஏதாவது கிடைக்குமா என்று கண்டக்டரின் மனைவியிடம் விசாரித்தார். கடைசியில் என்னை ஓரமாக அழைத்துப் போய்த் தோளில் கை போட்டார்.

"நாளைக்கு நல்லாச் சொல்லிட்டீங்கன்னா உங்க குடும்பம் மட்டும் இங்கயே இருக்கலாம். லேப் பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூம் இருக்கு. கதவைச் சாத்திக்கிட்டு, சத்தம் போடாம, நீங்க இல்லாத மாதிரியே இருந்துக்கலாம்."

மூச்சு இழுக்கிற பிள்ளையைப் பெற்றவனுக்கு அது சின்ன விஷயமா? ஓடிப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"மத்தவங்க பெத்ததெல்லாம் தகரத்துல செஞ்சதா? கண்டக்டர் பொண்ணுக்கு நேத்துலேர்ந்து காய்ச்சல். அதைக் கொட்டகைக்கு அனுப்பிட்டு நாம உள்ள கதவைச் சாத்திக்கறதா? பேசாமப் படுங்க."

படுத்தேன். படுத்தால் தூக்கமா வரும்? கோபம்தான் வந்தது. அதிகாரி பார்த்தபோது என் முகத்தில் இல்லாத கோபம் எல்லாம் இப்போது வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கு முன், சாயங்காலம் குழு கிளம்பும்போதே செயலர் ஃபாதர் சிஸ்டரைக் கூப்பிட்டு வராந்தாவில் கடைசி உத்தரவுகள் கொடுத்தார். நாங்கள் ரொட்டிக்கு உயரப்படி நின்றிருந்ததால் எல்லோர் காதிலும் விழுந்தது.

"சிஸ்டர், வெள்ளம் முடிஞ்சதுக்கு ஆதாரம் பள்ளி இயங்கறதுதான். தலைவர் வரும்போது ஹால்ல மாணவர்கள் இருக்கணும். ஒரு பெஞ்ச் காலியா இருக்கக் கூடாது."

"தெருவெல்லாம் தண்ணி ஃபாதர். பிள்ளைங்க எப்படி வருவாங்க?"

"எப்படி, எங்கேர்ந்துங்கறது உங்க பொறுப்பு. தலைமைப் பண்புன்னா அதுதானே?"

சிஸ்டர் வரிசையில் நின்ற எங்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "சரி ஃபாதர். எல்லா பெஞ்சும் நிறைஞ்சிருக்கும்" என்றார்.

"சீருடை?"

"டை கட்டியிருப்பாங்க."

"தலைவர் பேசறப்ப பாதியில எழுந்து போற பழக்கம் கூடாது. நீள மணி அடிக்கற வரைக்கும் ஒருத்தரும் ஹாலை விட்டு வெளியே போகக் கூடாது. நம்ம பள்ளிகளோட பெருமையே அந்த ஒழுக்கம்தான். யாரு வந்து சொன்னாலும் அசையக் கூடாது."

"நீங்களே வந்து சொன்னாலுமா ஃபாதர்?"

"நானே வந்து சொன்னாலும்" என்றார் செயலர் ஃபாதர் பெருமையாக.

மறுநாள் காலை சிஸ்டர் பள்ளி அலமாரியைத் திறந்து, எலாஸ்டிக் வைத்த சின்ன டைகளை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தார். எட்டு வயதுக் கழுத்துக்குத் தைத்தது. பல் டாக்டருக்குக் கட்டியதும் கண் பிதுங்கியது. கண்டக்டர் தன் விசிலையும் டையோடு தொங்கவிட்டுக்கொண்டார். எங்கள் தெரு முழுவதும், பெண்கள் உட்பட, கோடு போட்ட நீல டை கட்டிக்கொண்டு ஹாலில் ஒன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் உட்கார்ந்தது. முழங்கால் மோவாயில் இடித்தது. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. விருந்தினருக்காக மேடையில் போட்டிருந்த சோபாக்களில் கைக்குழந்தைக்காரர்களை உட்காரச் சொன்னார் சிஸ்டர். என் மனைவி தலைவருக்கான பெரிய சோபாவில் மகனோடு சாய்ந்துகொண்டாள்.

ஒன்பது மணிக்குப் பின்வாசலில் படகு வந்தது. சிஸ்டர் ஜன்னல் வழியாகவே, "ஸ்கூல் நடந்துட்டிருக்கு. பிள்ளைங்களை நடுவுல வெளிய அனுப்ப எங்க மன்றத்துல அனுமதி இல்லை" என்றார். படகுக்காரர் எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் மீசை வைத்த ஒரு பிள்ளை அவரைப் பார்த்து விசில் ஊதியது. படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. முன்னால் செயலர் ஃபாதர், பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் கேமராக்கள். கதவுக்குள் ஃபாதரின் கால் பட்டதும் சிஸ்டர் மேசையைத் தட்டினார். நாங்கள் எல்லோரும் ஒரே ஆளாக எழுந்தோம். "வ…ண…க்…கம் ஃபா…தர்!"

இந்த இடத்தில்தான் அது நடந்தது. முப்பது வருடம் வகுப்பு வகுப்பாக நுழைந்த மனிதர் அவர். அந்த ராகம் காதில் விழுந்ததும், யார், எவர் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அவருடைய வலது கை தானாக உயர்ந்துவிட்டது. முகம் மலர்ந்துவிட்டது. "ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. உட்காருங்கள், என் அன்பு மாணவர்களே!" என்று கணீரென்று சொல்லிவிட்டார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். அதன் பிறகுதான் அவர் டாக்டரின் வழுக்கையைப் பார்த்தார். அப்புறம் கண்டக்டரின் மீசையை. உயர்ந்த கை அப்படியே நின்றது. அன்பு மாணவர்களே என்று ஆசீர்வதித்தவர்களை, அடுத்த மூச்சில் வெளியாட்கள் என்று எப்படிச் சொல்வது?

தலைவர் மேடையைப் பார்த்தார். சோபாவெல்லாம் குழந்தைகள். "எங்க உக்கார்றது?" என்று முணுமுணுத்தார்.

"முதல் பெஞ்ச், நடு இடம் காலியா இருக்கு. உக்காருங்க" என்றார் சிஸ்டர்.

பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்குப் போன யாராக இருந்தாலும் அந்தக் குரலுக்கு உட்காருவார்கள். தலைவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் கண்டக்டர். தன் முழங்காலை எங்கே வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

விளம்பர அதிகாரி வியர்த்துப் போய், நிகழ்ச்சியை எப்படியாவது நகர்த்திவிடலாம் என்று மைக்கை என் கையில் திணித்தார். "சொல்லுங்க சார், சொல்லுங்க. நெஞ்சுல கை." நான் எழுந்தேன். சோபாவில் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்த வார்த்தை எல்லாம் ஞாபகம் இருந்தது, ஒன்றுகூட வாயில் வரவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"கேளுங்க" என்றார் சிஸ்டர்.

"தலைவர்கிட்ட ஒரு சந்தேகம் சிஸ்டர். வெள்ளம் முடிஞ்சிருச்சுன்னு சொல்ல வந்திருக்காரு. அப்புறம் ஏன் படகுல வந்தாரு?"

ஹாலில் ஒரு குழந்தை இருமியது, என்னுடையதுதான். தலைவருக்குக் கழுத்து வரை சிவந்தது. "யாருய்யா இவங்கல்லாம்? ஃபாதர், யாரு இவங்க?" என்று கத்தினார். ஃபாதர் கூரையைப் பார்த்தார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

"யாருன்னு இப்பத் தெரிஞ்சிடும். வருகைப்பதிவு இன்னும் எடுக்கலை" என்றார் சிஸ்டர். "கடைசி பெஞ்ச், ஓரம்?"

"உள்ளேன் சிஸ்டர்!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கடைசி பெஞ்ச், நடு?" "உள்ளேன் சிஸ்டர்!" பெஞ்ச் பெஞ்சாகப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். காய்ச்சலில் கிடந்த கண்டக்டர் மகள் எழுந்து சொன்னாள். வீடே இல்லாமல் போன மாவு மில்காரர் சொன்னார். ஒவ்வொரு குரலும் முந்தியதைவிட உரக்க வந்தது. கேமராக்காரர்கள் தலைவரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள். "முதல் பெஞ்ச், ஜன்னல்?" "உள்ளேன் சிஸ்டர்!" என்றார் டாக்டர், எலாஸ்டிக் அறுந்துவிடும் போல.

"முதல் பெஞ்ச், நடு இடம்?"

பதில் இல்லை. தலைவர் எழுந்து போகப் பார்த்தார். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே வயிறு மாட்டிக்கொண்டது.

"முதல் பெஞ்ச், நடு இடம்?" என்று சிஸ்டர் இன்னொரு தரம் கூப்பிட்டார்.

இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும், அதுதான் பள்ளி வழக்கம். பல் டாக்டர் தலைவரை உச்சி முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார். மதில் மேல் போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அவர் கண்ணில் தெரிந்தது. எழுந்து நின்று சொன்னார்.

"வரலை சிஸ்டர்."

அடுத்த கணம் ஹால் முழுக்க எழுந்து நின்றது. மேடையில் இருந்த தாய்மார்களும் எழுந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"வரலை சிஸ்டர்!"

அன்று வெள்ளம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. படகில் போகும் வழியில் அறிவித்தாராம். எங்களைக் கொட்டகைக்கு ஏற்றிப் போக அதன் பிறகு ஒருவரும் வரவில்லை, ஹாலில் கேமராக்கள் எடுத்த படத்தைத்தான் ஊரே பார்த்துவிட்டதே. போகிற அவசரத்தில் பேனரை மறந்துவிட்டுப் போனார்கள். 2-ஏ கூரைக்கு அளவு சரியாக இருந்தது. தலைவர் முகம் வெளிறத்தான் செய்தது.

ஆனால் மன்றம் சும்மா இருக்குமா? சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. அவர் உடல்நிலையைக் கருதித் தொலைதூரப் பள்ளி ஒன்றுக்கு அனுப்புகிறார்களாம். ஒரு தும்மல்கூடப் போட்டு நாங்கள் பார்த்ததில்லை. அன்றைய பள்ளி நேரம் முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்பது உத்தரவு.

"பள்ளி நேரம் நீள மணி அடிச்சாத்தான் முடியும்" என்றார் சிஸ்டர். மணியை அவர் அடிக்கவில்லை.

சாயங்காலம் செயலர் ஃபாதர் போன் செய்து, "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டார். "பாடம் நடந்துட்டிருக்கு ஃபாதர்." மறுநாளும் கேட்டார். "இன்னும் நடக்குது ஃபாதர்." அப்படி ஒரே ஒரு பள்ளி நாள், விடிந்து விடிந்து நடந்துகொண்டே போனது. என் மகனுக்கு இருமல் நின்றது. முகம் பார்த்துச் சிரிக்கப் பழகினான், முதலில் சிரித்தது சிஸ்டரைப் பார்த்துத்தான், அதற்கும் அவர் "வகுப்புல என்ன சிரிப்பு?" என்றார். தெருவில் தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, கடைசிக் குடும்பம் வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து தகவல் சொன்ன அன்றைக்குத்தான் நீள மணி அடித்தது. தலையில் பாயும் பாத்திரமுமாக நாங்கள் படியில் வலப்பக்கமாக இறங்கி, வரிசையாகப் போனோம்.

சிஸ்டருக்குப் பிரிவு விழா எதுவும் நடத்தக் கூடாது, பெற்றோர் கூட்டம் கூடக் கூடாது என்று மன்றம் அறிவித்திருந்தது. நாங்கள் விழா நடத்தவில்லை. மறுநாள் காலை எங்கள் தெரு முழுவதற்கும் எப்படியோ ஒரே பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தில் நிற்பது குற்றமா? டை கட்டிக்கொண்டு நிற்பது குற்றமா? நிறுத்தத்திலிருந்து திருப்பம் வரை உயரப்படி நின்றோம். பஸ் வந்ததும் ஒருவரும் ஏறவில்லை.

சிஸ்டர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் எரிச்சல் பட்டார். "உங்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா? டாக்டர், டை கோணலா இருக்கு." பஸ் படியில் ஏறி நின்று திரும்பினார். எங்கள் வரிசையைக் கடைசி வரை கண்ணால் எண்ணினார். எல்லோரும் இருக்கிறோமா என்றுதான் பார்த்தார், வேறென்ன? பிறகு குரலை உயர்த்தினார், ஆனால் அது சரியாக உயரவில்லை.

"கடைசி பெஞ்ச், ஓரம்?"

என் கண்ணில் வந்த தண்ணீர் குறை சொல்கிற தண்ணீரா, நன்றி சொல்கிற தண்ணீரா என்று விளம்பர அதிகாரிதான் சொல்ல வேண்டும். பஸ் கிளம்பிவிட்டது. மகனைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது திருப்பத்தைத் தாண்டும் வரை காதில் விழட்டும் என்று கத்தினேன்.

"உள்ளேன் சிஸ்டர்!"